வண்டி நிற்கும் நேரத்தை அளந்து பாருங்கள்: வாளையாரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,

வணக்கம். வேலை செய்கிற இடத்துக்குப் புதிதாக வரும் கருவிகள் வேலையாளை என்ன செய்கின்றன என்று ஆராய்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகம் கோவையில் இருந்தாலும் திருச்சூரில் இருந்தாலும், சென்னை, பெங்களூரில் இருந்தாலும் சரி.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரன். பிறந்தது, ஓட்டுப் போடுவது, ரேஷன் வாங்குவது எல்லாம் கேரளத்தில். வீட்டில் பேசுவதும் பள்ளிக்கூடத்தில் படித்ததும் தமிழ். 1999 முதல் 2021 கடைசி வரை லாரி ஓட்டினேன். அதில் பெரும்பகுதி கோவை – எறணாகுளம் ரோடுதான். முதுகுத் தட்டு விலகியதால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இப்போது தமிழக – கேரள எல்லையில் இருக்கிற வாளையாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டிரிப் ஷீட் எழுதுகிறேன்.

போன தை மாதம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மாணவர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். வெயிலில் நின்று, வருகிற டிரைவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு எழுதினார்கள். வண்டியில் ஜிபிஎஸ் இருக்கிறதா, லோடு பிடிக்க ஆப் வைத்திருக்கிறீர்களா, ஃபாஸ்டேக் வந்த பிறகு பயணம் சுலபமாகிவிட்டதா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ஃபாஸ்டேக்குக்கு நான் ஐந்து சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். முப்பத்திரண்டு கேள்வி முடிந்ததும் டீ குடித்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முப்பத்திரண்டில் ஒரு கேள்விகூட வண்டி நிற்கிற நேரத்தைப் பற்றி இல்லை.

லாரித் தொழிலில் ஓடுவது ஒரு பாதி, நிற்பது ஒரு பாதி. கருவிகள் எல்லாம் ஓடுகிற பாதியைத்தான் பார்க்கின்றன. ஆராய்ச்சியும் அந்தப் பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

வாளையார் செக்போஸ்ட்டின் பழைய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வரும்வரை, கேரளத்துக்குள் போகிற சரக்கு வண்டி எல்லாம் அங்கே வணிக வரிக்காரர்களிடம் பேப்பரைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வரிசை எத்தனை தூரம் நீளும் என்று சொல்ல முடியாது. வண்டிக்குப் பக்கத்திலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்குவோம். மழை வந்தால் வண்டிக்கு அடியில் அடுப்பு. எனக்கும் கிளீனருக்கும் முறை உண்டு. நான் படுத்தால் அவன் முழித்திருந்து வண்டியை நகர்த்துவான், அவன் படுத்தால் நான். ஜிஎஸ்டி வந்து அந்தச் சோதனை நின்றது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதே வருடம் ஜூலை 31 அன்று, எங்கள் ரோட்டில் இருக்கிற குதிரான் மலைச் சுரங்கத்தில் ஒரு பாதை திறந்தது. அதற்கு முன் குதிரான் மேட்டில் ஒரு வண்டி மக்கர் பண்ணினால் போதும், இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கிவிடும்.

இத்தனை மாற்றத்தில் எங்கள் ரோட்டில் மிச்சமான நேரம் கொஞ்சமில்லை. அந்த மிச்சம் யார் கைக்குப் போனது என்று யாராவது ஆராய்ந்தீர்களா? எங்களுக்குப் படி டிரிப் கணக்கில். வரிசை குறைந்ததும் டிரிப் கூடியது. "இப்பல்லாம் சீக்கிரம் போயிர்றீங்களே" என்று சொல்லி முதலாளிகள் டிரிப்புக்கு உண்டான படியை ஏற்றாமலே வைத்திருந்தார்கள். அப்புறம் கிளீனரை நிறுத்தினார்கள். வரிசையே இல்லாதபோது இரண்டாவது ஆள் எதற்கு என்பது அவர்கள் கணக்கு.

கிளீனரைப் பற்றி வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சரியாகத் தெரியாது. வண்டி துடைக்கிற பையன் என்று நினைப்பார்கள். தார்ப்பாய் போட ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டிச் சொல்ல ஆள் வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு டிரைவருக்குக் கண் சொக்கும்போது பேச்சுக் கொடுக்க ஆள் வேண்டும். இதற்கெல்லாம் மேலே, கிளீனர்தான் நாளைய டிரைவர். நான் அப்படித்தான் கற்றேன். மூன்று வருடம் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு எந்தக் கியர் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் அவர் காலி வண்டியை என் கையில் கொடுத்தார். இன்றைக்கு லாரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொல்கிறார்கள். ஆள் உருவாகிற இடம் அந்தப் பக்கத்து சீட். அது காலியாகிப் பல வருடம் ஆகிறது.

1951இல் இங்கிலாந்தில் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இரண்டு பேர் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினார்கள். அதுவரை சிறு குழுவாக இருந்து முழு வேலையையும் பார்த்து, ஒருவருக்கொருவர் துணையாக இருந்த சுரங்கத் தொழிலாளர்களை, புது இயந்திர முறை ஷிப்டு ஷிப்டாக, துண்டு துண்டாகப் பிரித்துவிட்டது. அதனால் ஆட்கள் மனத்தளவில் என்ன ஆனார்கள், உற்பத்தி ஏன் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை என்பது அந்த ஆய்வு. பாம்ஃபோர்த் முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவருக்கு அது கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன். டிரைவரையும் கிளீனரையும் பிரித்த கதையை எங்கள் ரோட்டில் அப்படி யாராவது எழுத வேண்டும்.

சரி, நிற்கிற நேரத்துக்கு வருகிறேன்.

நான் கடைசியாக ஓட்டிய வண்டியில் ஜிபிஎஸ் இருந்தது. முதலாளி ஆபீசில் ஒரு திரை உண்டு. வண்டி ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நின்றது என்றால் அந்தத் திரைக்கு ஒரே சொல்தான், நின்றது. எங்களுக்கோ அதில் பத்து வகை இருக்கிறது. லோடு ஏற்ற நிற்பது வேறு, இறக்க நிற்பது வேறு. பில்லில் ஒரு நம்பர் தப்பாகி, அதைத் திருத்தி வரும்வரை நிற்பது உண்டு. பஞ்சர் உண்டு. எடை மேடையில் நிற்பது, ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் இரண்டு நாள் பேட்டையில் நிற்பது, நகருக்குள் நுழையத் தடையுள்ள நேரம் முடியக் காத்திருப்பது எல்லாம் இருக்கிறது. சாப்பிட, குளிக்க, தூங்க நிற்பது என்பது இதில் ஒரு சின்ன ஓரம். டிரைவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்துவது அது மட்டும்தான். மற்றதெல்லாம் மற்றவர்கள் எங்களை நிறுத்தி வைப்பது. திரையில் எல்லாம் ஒரே சிவப்பு.

2019 மார்ச்சில் நடந்த ஒரு டிரிப்பைச் சொல்கிறேன். கோவையிலிருந்து மோட்டார் பம்ப் ஏற்றிக்கொண்டு எறணாகுளத்துக்கு வெளியே ஒரு குடோனுக்குப் போனேன். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ராத்திரி 2.10. டோக்கன் பதினான்கு. காலையில் கேட்டில் இருந்த பையனிடம் கேட்டால், "நோக்காம் அண்ணாச்சி, நோக்காம்" என்றான். பார்க்கலாம் என்று அர்த்தம். அவன்மேலும் தப்பில்லை, உள்ளே இறக்க இடமில்லை. அந்த வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, சில சமயம் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை வண்டியை ஒரு வண்டி நீளம் நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவர் முன்னால் ஏறிவிடுவார், நம் டோக்கன் கடைசிக்குப் போய்விடும். கிளீனர் இல்லை. ஆக, கண் மூடவே முடியாது. மார்ச் மாத வெயிலில் கேபின் அடுப்பு மாதிரி இருக்கும். பதினொரு மணிக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. "வண்டி ஒன்பது மணி நேரமா நிக்குதே, தூங்கறீங்களா?" என்று கேட்டார்கள். கடைசியில் இறக்கி முடிந்தது மாலை 5.30க்கு.

அதோடு விட்டிருந்தால் இதை எழுத மாட்டேன். உடனே அங்கமாலியில் ரிட்டர்ன் லோடு இருக்கிறது, ராத்திரிக்கே ஏற்றிக் காலைக்குள் கோவை வர வேண்டும் என்றார்கள். முடியாதுங்க, இன்னும் தூங்கவில்லை என்றேன். "பதினஞ்சு மணி நேரம் வண்டி நின்னுருக்கு. நல்லாத்தான ரெஸ்ட் எடுத்திருக்கீங்க. ரிப்போர்ட் இங்க கண்ணு முன்னால இருக்குது" என்று பதில் வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் என்றால் முதலாளி என் பேச்சை நம்பியிருப்பார், இல்லை நம்பாமல் திட்டியிருப்பார். எப்படியானாலும் பேச்சுக்குப் பேச்சு. இப்போது என் பேச்சுக்கு எதிரே ஒரு ரிப்போர்ட் நிற்கிறது. நான் முழித்திருந்த பதினைந்து மணி நேரத்தை அது ஓய்வு என்று எழுதி வைத்திருக்கிறது.

ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். விடியற்காலையில் குதிரான் மேட்டில் ஒரு நொடி கண் மூடிவிட்டது. திறந்தபோது எதிரே முன்வண்டியின் பின்விளக்கு. மிதித்த மிதியில் வண்டி நின்றது. இடையில் இரண்டு கை அகலம் இருந்திருக்கும். வீட்டில் இன்றுவரை இதை முழுதாகச் சொன்னதில்லை. அந்த வாரம் படி வாங்கும்போது, "திடீர் பிரேக்" என்று 200 ரூபாய் பிடித்திருந்தார்கள். பிரேக் போட்டதைக் கருவி சரியாகத்தான் பதிந்திருந்தது. அந்தப் பிரேக்குக்குக் காரணமான முந்தின நாள் பகல் அதற்குச் சிவப்புக் கோடு மட்டும்தான்.

இந்தக் கதையை என் மகளிடம் பாதி சொன்னேன். அவள் கோவையில் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ படிக்கிறாள். இதே விஷயத்தை அமெரிக்காவில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்திருக்கிறார்களப்பா என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். சில நாள் ராத்திரி இரண்டு மணி நேரம்கூட உட்கார்ந்திருக்கிறோம்.

அங்கே லாரி டிரைவர் ஒரு வேலை நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வேலை தொடங்கி 14 மணி நேரம் கழிந்துவிட்டால் ஓட்டுவதற்கே அனுமதியில்லை. வேலை தொடங்குவதற்கு முன் 10 மணி நேரம் தொடர்ந்த ஓய்வு இருக்க வேண்டும். முன்பு இதை டிரைவர்கள் கையால் நோட்டில் எழுதி வந்தார்கள். 2017 டிசம்பர் 18 முதல் எஞ்சினோடு இணைத்த மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயமானது. நோட்டில் பொய் எழுதலாம், கருவியில் எழுத முடியாது, ஆகவே விபத்து குறையும் என்பது எதிர்பார்ப்பு. அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதற்குப் பிறகு வந்த அரசாங்கப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2021இல் வந்தது அவர்கள் ஆய்வு. நேர விதியை மீறுவது குறைந்திருந்தது. விபத்து குறையவில்லை. சிறு நிறுவனங்களில் வேகமாக ஓட்டுவது போன்ற ஆபத்தான ஓட்டம் கூடியிருந்தது.

எனக்கு இதில் ஆச்சரியமே வரவில்லை. குடோனில் நிற்கிற நேரம் அப்படியே இருக்க, கடிகாரத்தை மட்டும் பூட்டினால் நடுவில் இருப்பவன் ஆக்சிலேட்டரைத்தான் மிதிப்பான். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரன் லீவி பல வருடம் லாரிகள் நிற்கிற இடங்களுக்கே போய் டிரைவர்களோடு பேசி ஆராய்ந்தவர். அவர் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே டிரைவருக்கு ஓடுகிற மைலுக்குக் கூலி. சரக்கு ஏற்றி இறக்கக் காத்திருக்கிற நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. களைப்பின் வேர் அந்தக் கூலி முறையில் இருக்கிறது. அதைத் தொடாமல் டிரைவர்மேல் கண்காணிப்பை ஏற்றினால், விட்டுப்போன வேர் அப்படியே கிடக்கும்.

2018 ஜனவரியில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் ஒரு அறிக்கை வெளியிட்டது. குடோனில் வண்டி நிற்கிற சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கக்கூடிய விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடுகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு அப்படி. என் 2019 மார்ச் டிரிப்பில் பதினைந்து மணி நேரம். மகள் இந்த இடத்தைப் படித்தபோது குதிரானில் நடந்ததை நான் அவளிடம் சொல்லிவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெல்சரும் தாகாஹிகோ குடோவும் 2019இல் எழுதிய ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. ஓட்டாத நேரத்துக்கும் கூலி கிடைக்கிற டிரைவர்கள், கிடைக்காதவர்களைவிடக் குறைந்த மணி நேரம் வேலை செய்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். காத்திருப்புக்குக் காசு வந்தால் டிரைவர் மிச்ச நேரத்தில் விழுந்தடித்து ஓட வேண்டியதில்லை. காசு கொடுக்க வேண்டி வந்தால் குடோன்காரரும் வரிசையைக் குறைக்க வழி பார்ப்பார். பெல்சர் பேராசிரியராவதற்கு முன் லாரி ஓட்டியவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் விஸ்செல்லி, ஆராய்ச்சிக்காகவே பயிற்சி எடுத்து நீண்ட தூர லாரி ஓட்டினார். கேபினில் உட்கார்ந்தவர்கள் எழுதியதில்தான் நிற்கிற நேரம் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்க ஆய்வை அப்படியே இங்கே பொருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு அந்த மாதிரி பதினொரு மணிப் பூட்டு வண்டியில் இல்லை. 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. நீண்ட தூர வண்டிகளுக்கு அனுமதியோடு நாளைக்கு 10, வாரத்துக்கு 54. அந்தச் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. வண்டி முனையத்தில் வெறுமனே காத்திருக்கிற நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதையும் வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும் என்றது அது. ஆக, அறுபது வருடத்துக்கு முன்பு அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் காத்திருப்பு என்று ஒன்று இருந்திருக்கிறது. ஆனால் கால் மணி நேரத்தோடு நிறுத்திவிட்டார்கள். மீதி எங்கள் தலையில்.

இங்கே பூட்டு வேறு வடிவில் இருக்கிறது. இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு. மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். தொடக்கத்தில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதன் ஆயுள் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆக்கினார்கள். கோவை – எறணாகுளம் சுமார் 190 கிலோமீட்டர். முன்பு இரண்டு நாள் கிடைத்த எங்கள் லோடுக்கு ஒரே ராத்திரியில் ஒரு நாள் போய்விட்டது. ஆபீசில் மதியமே பில்லைப் போட்டுவிடுவார்கள், லோடு ஏறுவது ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு. பில் போட்டதும் அதன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அடுத்த நாள் நள்ளிரவோடு முடிந்தது. நீட்டிக்க வழி இருக்கிறது, காலாவதியாவதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ செய்யலாம். ஆனால் அதைச் செய்கிற லாகின் டிரைவர் கையில் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆபீசில் போனை எடுக்க ஆளிருக்காது. காலாவதியான பில்லோடு பிடிபட்டால் வரியும் அபராதமும் சரக்குக்காரர் பாடு. அது தீரும்வரை வண்டியோடு ரோட்டோரம் கிடப்பவன் டிரைவர். இந்த விதியை மாற்றியபோது ஓட்டுகிறவர்களின் தூக்கம் என்ன ஆகும் என்று எந்தப் பல்கலைக்கழகமாவது அளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிமேலாவது அளக்கலாம். பில் போட்ட நேரமும் டோல் தாண்டிய நேரமும் அரசாங்கக் கணினியில் இருக்கிறது. குடோன் கேட்டில் நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் குடோன் பதிவேட்டில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க உங்களைப் போன்றவர்களால்தான் முடியும். நாங்கள் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

கருவிகளை நான் எதிரியாகப் பார்க்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யுபிஐ வந்த பிறகு டிரைவர் கையில் பணக்கட்டு வைத்துக்கொண்டு பயந்து தூங்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அந்த வெயிலில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் எல்லையிலேயே மதுக்கரைக் காட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் யானை வந்தால் முன்கூட்டியே பார்த்துச் சொல்லும் கேமராக் கோபுரங்களை 2024இல் தமிழக வனத்துறை நிறுவியது. அந்தப் பாதையில் ரயில் அடித்து யானைகள் செத்ததை நாங்கள் கேட்டுக் கேட்டுக் கலங்கியிருக்கிறோம். அங்கே கேமரா யானையைப் பார்க்கிறது, வேகத்தைக் குறைக்க வேண்டியது ரயில். லாரிக் கேபினில் கேமரா வைத்தால் டிரைவரின் கண்ணைப் பார்க்கிறது, கண் சொக்கினால் சத்தம் போடுகிறது, ஆபீசுக்கும் சொல்கிறது. அந்தக் கண் ஏன் சொக்கியது என்று குடோனைப் போய்க் கேட்பதில்லை. அதே கருவியை அந்தக் கேள்வியைக் கேட்க வைக்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லுங்கள். முடியும் என்றுதான் நான் நம்புகிறேன்.

உங்களைப் பற்றி எங்களுக்கு ஒரு பயமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. வந்த மாணவர்கள் கேள்வித்தாளில் வண்டி நம்பரையும் போன் நம்பரையும் வாங்கினார்கள். இரண்டு டிரைவர்கள் அதைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் ஐந்து என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, இது ஓனருக்குப் போகாதுன்னு யார் கண்டா என்றார் ஒருவர். அந்தப் பயம் நியாயமானது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமே, வேலை தொடர்பான காரணங்களுக்கு முதலாளி தனியாகச் சம்மதம் கேட்காமல் தொழிலாளியின் தரவைப் பயன்படுத்த இடம் கொடுக்கிறது. பெர்க்லியில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தொழிலாளர் மையம் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை வேறு விதமாகப் பேசுகிறது. தன்னைப் பற்றி என்ன சேர்க்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும், அதைப் பார்க்கவும், தப்பாக இருந்தால் திருத்தவும் தொழிலாளிக்கு உரிமை வேண்டும் என்கிறது. "பதினைந்து மணி நேரம் ஓய்வு" என்று எழுதியிருந்த அந்த ரிப்போர்ட்டில் "இல்லை, நான் இறக்கக் காத்திருந்தேன்" என்று ஒரு வரி சேர்க்க எனக்கு ஒரு பொத்தான் இருந்திருந்தால், அன்று ராத்திரி நான் அங்கமாலியிலேயே தூங்கியிருப்பேன். அந்த ஒரு பொத்தான் டிரைவருக்கு எவ்வளவு தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்பதுகூட ஒரு நல்ல ஆராய்ச்சிதான்.

அதனால் முதலில், எங்களிடம் வாங்குகிற எதையும் நாங்கள் பார்க்கும் முன் முதலாளியோ லோடு ஆப்காரரோ பார்க்கக் கூடாது. நிறுவனம் பணம் கொடுத்துச் செய்கிற ஆய்வு என்றால் அதைக் கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேள்வித்தாளை எழுதுவதற்கு முன் ஒரு டிரிப் கூட வாருங்கள். கிளீனர் சீட் காலியாகத்தான் இருக்கிறது. கேட்டில் டோக்கன் வாங்கி, வரிசையில் ஒரு ராத்திரி இருந்து பாருங்கள். அப்புறம் கேள்விகள் தானாக மாறும். முடிவு வந்ததும் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு பக்கம் எழுதி, டிரைவர்கள் சாப்பிடுகிற கடையில் ஒட்டுங்கள். ஆங்கிலப் பத்திரிகையில் வருவது உங்களுக்கு வேண்டியது, அதை நான் குறை சொல்லவில்லை. இது எங்களுக்கு வேண்டியது.

நார்வேயில் கிரிஸ்டன் நைகார்ட் என்று ஒரு கணினி அறிஞர் இருந்தார். கணினித் துறையின் மிகப் பெரிய விருதான டூரிங் விருதை 2001இல் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து ஒரு ஆய்வு நடத்தினார். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் திட்டம். பாதியில் அதை மாற்றிக்கொண்டார்கள். சங்கத்து ஆட்கள் தங்கள் ஆலையில் எதைச் செய்யத் தொடங்குகிறார்களோ அதுதான் இந்த ஆய்வின் முடிவு என்று வைத்துக்கொண்டார்கள். தொழிலாளர்களே படித்தார்கள், தங்கள் ஆலைக்கு வரும் கணினி முறையைத் தாங்களே ஆராய்ந்தார்கள். 1975இல் அந்த நாட்டுத் தொழிலாளர் கூட்டமைப்பும் முதலாளிகள் கூட்டமைப்பும் புதுக் கணினி முறைகள் பற்றி ஒரு ஒப்பந்தமே போட்டன. மகள் இதைச் சொன்னபோது நான் இரண்டு தடவை திரும்பப் படிக்கச் சொன்னேன். இங்கேயும் முடியும். கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. எங்கள் வண்டிகள் தினமும் அந்த வழியாகத்தான் போகின்றன.

என் பங்குக்குத் தருவதற்கு ஒன்று வைத்திருக்கிறேன். 1999இலிருந்து 2021 வரை நான் ஓட்டிய ஒவ்வொரு டிரிப்பையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எங்கே எத்தனை மணிக்கு லோடு ஏறியது, எத்தனை மணிக்குக் கேட்டுக்குப் போனேன், இறக்க ஆரம்பித்தது எப்போது, முடிந்தது எப்போது, வண்டியைக் காக்கவைத்ததற்கு ஹால்டிங் காசு கேட்டேனா, கொடுத்தார்களா என்பதெல்லாம் இருக்கும். ஹால்டிங் காசுக்காகச் சண்டை போட ஆதாரம் வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். கிடைத்தது சில தடவைதான். எழுதும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மொத்தம் இருபத்து மூன்று நோட்டு. 2005ஆம் வருட நோட்டு மட்டும் மழையில் நனைந்து பாதிப் பக்கம் மை பரவிவிட்டது, மற்றதெல்லாம் படிக்கலாம். செக்போஸ்ட் இருந்த காலமும் போன காலமும், ஜிபிஎஸ் இல்லாத காலமும் வந்த காலமும் அதில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய டிரைவர்கள் இன்னும் சிலரிடமும் இப்படி நோட்டு இருக்கிறது, கேட்டு வாங்கித் தருவேன்.

போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நோட்டை வெளியே கொண்டுபோக வேண்டாம். குடோன்காரர் பேர், மற்ற டிரைவர்கள் பேர் வருகிற இடத்தை மறைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் மாலை நாலு மணிக்கு மேல் ஆபீசில் இருப்பேன். வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டு வந்தால், ராத்திரி எறணாகுளம் போகிற வண்டி ஒன்றில் இடம் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாளையாரிலிருந்து ஒரு பழைய லாரி டிரைவர்